பத்து நிமிடத்தில் ஒன்பது ‘பாத்து’

போன மாதம் பூங்காவில் மனைவி எடுத்த ஒரு வீடியோ, பத்து நிமிடம் ஓடும். பிள்ளைகள் இரண்டு பேரும் கயிற்று ஏணியில் ஏறுகிறார்கள், மேலே இருக்கும் பலகையைத் தாண்டுகிறார்கள், சறுக்குமரத்தில் இறங்குகிறார்கள், மறுபடி ஏறுகிறார்கள், அவ்வளவுதான். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நாலரை. ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அதைப் பார்த்தபோதுதான், படத்திலேயே இல்லாத ஒரு ஆளின் குரல் உறுத்த ஆரம்பித்தது. “பாத்து, பாத்துடா”, “மெதுவா”, “அங்க வேணாம், இந்தப் பக்கம் வா” என்று ஓயாமல் ஒரு குரல். என் குரல்தான்.

சரி, யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டு எண்ணினேன். பெரியவளுக்கு ஒன்பது ‘பாத்து’. அவள் குரங்கு மாதிரி ஏறுவாள், அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு தடவைகூடக் கால் தவறவில்லை. சின்னவன் இரண்டு படிக்கு ஒரு தடவை தடுமாறுகிறான், பாதி வழியில் கயிற்றில் கால் மாட்டித் தொங்குகிறான், அவனுக்கு என்னிடமிருந்து கிடைத்ததெல்லாம் “ஏறு ஏறு, அப்படித்தான், சூப்பர்டா”. அவனுக்குச் சொன்ன ‘பாத்து’ இரண்டே இரண்டு. அதிலும் ஒன்று, கீழே நின்ற வேறொரு குழந்தை மேல் இவன் விழுந்துவிடப் போகிறானே என்று சொன்னது.

எங்கள் வீட்டில் பெண் பிள்ளை, ஆண் பிள்ளை என்ற வித்தியாசமே கிடையாது என்று நாலு பேரிடம் சொல்லித் திரிகிற ஆள் நான். அதனால்தான் இது கொஞ்சம் அதிகமாகவே சுட்டது.

இதை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். 2000-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில், பதினொரு மாதக் குழந்தைகளின் அம்மாக்களிடம், சாய்வைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற ஒரு பலகையைக் காட்டி, உங்கள் குழந்தை எவ்வளவு சரிவு வரை தவழ்ந்து இறங்கும் என்று கேட்டார்கள். பிறகு குழந்தைகளை நிஜமாகவே இறங்கவிட்டுப் பார்த்தார்கள். ஆண், பெண் இரண்டும் ஒரே மாதிரிதான் தவழ்ந்தன. ஆனால் மகன்களின் அம்மாக்கள் கூடுதலாகக் கணக்குப் போட்டிருந்தார்கள், மகள்களின் அம்மாக்கள் குறைத்துப் போட்டிருந்தார்கள். தினமும் தூக்கி வளர்க்கிற அம்மாக்களே, பதினொரு மாதத்திலேயே! அதற்கும் முன்னால் 1976-ல் வந்த ஒன்று இன்னும் மோசம். மூடியைத் திறந்ததும் துள்ளி எழும் பொம்மையைப் பார்த்து ஒன்பது மாதக் குழந்தை ஒன்று அழுகிறது. அதே வீடியோவை எல்லாருக்கும் போட்டுக் காட்டி, பாதிப் பேரிடம் ‘இது பையன்’ என்றும் மீதிப் பேரிடம் ‘இது பெண்’ என்றும் சொன்னார்கள். பையன் என்று நினைத்தவர்களுக்குக் குழந்தை கோபத்தில் அழுவதாகத் தெரிந்தது. பெண் என்று நினைத்தவர்களுக்குப் பயத்தில் அழுவதாகத் தெரிந்தது. அழுகை என்னவோ ஒன்றுதான்.

இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. சின்னவன் கத்தி அழும்போது “கோவத்தப் பாரு” என்று வாய் வரை வருவதை நிறுத்தி, பயந்திருப்பானோ என்று ஒரு நிமிடம் யோசிக்கிறேன். பாதி நேரம் அவன் பயந்துதான் இருக்கிறான்.

இதில் நம் மொழி கொஞ்சம் வேடிக்கையானது. குழந்தை அழுதது, குழந்தை சிரித்தது, குழந்தை தூங்குகிறது. கைக்குழந்தையாக இருக்கும்வரை இலக்கணத்திலேயே அதற்கு ஆண், பெண் கிடையாது. அப்புறம் வளர்ந்து பெரிய மனிதராகி மரியாதை சம்பாதித்துவிட்டால் ‘அவர் வந்தார்’, அதிலும் ஆணா பெண்ணா என்று தெரியாது. நடுவில் இருக்கிற காலத்துக்குத்தான் இந்த அவனும் அவளும். சுவீடன்காரர்கள் அவன், அவள் இரண்டுக்கும் பொதுவாக ‘ஹென்’ என்று ஒரு சொல்லைப் புழக்கத்தில் விட்டு, 2015-ல் அவர்களுடைய அகாதமி அகராதியிலும் ஏற்றினார்கள். நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதற்காக நாம் ஒன்றும் கிழித்துவிடவில்லை என்பதும் தெரிகிறது. அதே மொழியில்தான் மகளைக் கொஞ்சும்போது “வாடா தங்கம்”, “என்னடா ஆச்சு” என்கிறோம், அது பாசம். மகனைப் பார்த்து “வாடி” என்று சொல்லிப் பாருங்கள், கேலியாகிவிடும். பெண்ணை ஆண் பக்கமாக ஒரு படி ஏற்றிவைத்தால் கொஞ்சல், ஆணைப் பெண் பக்கம் நகர்த்தினால் அவமானம். நான் வீடியோவில் பெரியவளுக்குச் சொன்ன ஒன்பதில் ஆறு “பாத்துடா”.

இந்த ஒரு ‘டா’ விஷயத்தில் தொங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் இருக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் என் வீட்டில் நடந்த அசல் தப்பு அங்கேதான் இருக்கிறது.

பெரியவள் கால்பந்து ஆடுவாள். முட்டியில் சிராய்ப்போடு வருவாள். பார்க்கிற எல்லாரும் “பையன் மாதிரி என்ன தைரியம்” என்று பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டே கோணல்தான் என்றாலும் பாராட்டுதானே, அவளுக்கு வழி திறந்திருக்கிறது. சின்னவனுக்கு ஒரு துணிப் பொம்மை உண்டு. அவன் கேட்டு, நானே கடைக்குக் கூட்டிப்போய், அவன் கையால் எடுத்து வாங்கியது. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு, முதுகில் தட்டி, வீட்டுக்குள் முன்னும் பின்னும் நடப்பான். நடக்கும்போது உதட்டுக்குள் ஒரு ‘உஷ்ஷ்ஷ்’ சத்தம். அவனைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு நடு ராத்திரியில் நான் நடந்த அதே நடை, அதே சத்தம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒரு நாள் அலுவலக நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். சின்னவன் பொம்மையைத் தோளில் போட்டபடி வந்து எங்கள் முன்னால் நின்றான். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை, லேசாகப் புருவத்தைத் தூக்கினார், அதுகூட என் கற்பனையாக இருக்கலாம். நான் முந்திக்கொண்டு, “அக்காவோட பொம்மை, சும்மா தூக்கிட்டுத் திரியறான்” என்று சொன்னேன். பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். “இல்லப்பா, இது என் பாப்பா” என்றான். கோபமாகக்கூட இல்லை, அப்பா மறந்துவிட்டார் போல என்று திருத்துகிற குரலில். நான் சிரித்து மழுப்பினேன்.

அவனுக்குப் பொம்மை வாங்கிக் கொடுத்த நான், யாரும் கேட்காமலேயே, அது அவனுடையது இல்லை என்று பொய் சொல்லியிருக்கிறேன். என்ன பயம் எனக்கு? அந்தப் பையன் அப்பா வேலையைப் பழகிக்கொண்டிருந்தான், என்னைப் பார்த்து. அதற்கு நான் வெட்கப்பட்டிருக்கிறேன்.

தனியாக நான் மட்டும் இப்படி இல்லை என்பது ஆறுதலா என்று தெரியவில்லை. லெகோ நிறுவனம் 2021-ல் ஏழு நாடுகளில் பெற்றோரையும் பிள்ளைகளையும் கேட்டு ஒரு கணக்கெடுப்பு வெளியிட்டது. ‘பொண்ணுங்க பொம்மை’ என்று பெயர் வாங்கிய ஒன்றை வைத்து விளையாடினால் கிண்டல் செய்வார்களோ என்று பயப்படும் பையன்கள் 71 சதவீதம். அதே மாதிரி ‘பசங்க பொம்மை’க்குப் பயப்படும் பெண் பிள்ளைகள் 42 சதவீதம். அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்றால், என்னை மாதிரி ஆளின் வாயிலிருந்துதான், விருந்தாளி முன்னால், சிரித்துக்கொண்டே.

பொம்மை வாங்குவது உண்மையில் சுலபம், காசோடு முடிந்துவிடும். அதனால்தான் எல்லாரும் அங்கேயே நின்றுவிடுகிறோம் என்று நினைக்கிறேன். லாரியும் வாங்கியாச்சு, பொம்மையும் வாங்கியாச்சு, கடமை முடிந்தது. ரோஸ் கலரும் அப்படித்தான். ரோஸை வீட்டுக்குள்ளேயே விடக்கூடாது என்று ஒரு கட்சி இருக்கிறது, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பெரியவளுக்கு மூன்று வயதிலிருந்து ஐந்து வரை ரோஸ் பைத்தியம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டோம், இப்போது அவளுக்குப் பச்சை. பெண்ணுக்குப் பிடித்த நிறம் என்பதற்காகவே ஒரு நிறத்தைக் கேவலமாகப் பார்ப்பது அதே பழைய வியாதியின் புதுச் சட்டை. அமெரிக்க ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் குழந்தைப் பருவப் புகைப்படம் ஒன்று இருக்கிறது, 1884-ல் எடுத்தது, இரண்டரை வயதுப் பையன் நீள முடியோடு வெள்ளை கவுன் போட்டு உட்கார்ந்திருப்பார். அந்தக் காலத்தில் அங்கே ஆறேழு வயது வரை எல்லாப் பையன்களுக்கும் அதுதான் வழக்கம், துவைக்கவும் வெளுக்கவும் வசதி. யாரும் அதைப் புரட்சி என்று நினைக்கவில்லை.

துணி என்றதும் ஞாபகம் வருகிறது, பாக்கெட். பெரியவள் கல் பொறுக்குகிறவள். வழுவழுப்பான கல், ஓட்டை விழுந்த கல், கோடு போட்ட கல். அவளுடைய பேண்ட்டுகளில் பாதிக்குப் பாக்கெட்டே இல்லை. சிலவற்றில் பாக்கெட் மாதிரி ஒரு தையல் மட்டும் இருக்கும், விரல் நுழையாது. ஏமாற்று வேலை. அதனால் கல் எல்லாம் தம்பியின் பாக்கெட்டில் போகும், பிறகு யாருடைய கல் என்று சண்டை. இப்போது ‘பையன்கள்’ பிரிவிலிருந்து அவளுக்குப் பேண்ட் எடுக்கிறோம், விஷயம் முடிந்தது. சில பிரச்சினைகளுக்கு நிஜமாகவே இவ்வளவு சுலபமான தீர்வு இருக்கிறது.

சுலபமில்லாதது பேச்சு. சின்னவன் டிவி ரிமோட்டைக் கழற்றிப் போட்டபோது, “மூளைக்காரன், எப்படிக் கழட்டியிருக்கான் பாரு” என்று போனில் அம்மாவிடம் பெருமையடித்தேன். அதை ஒவ்வொரு ஸ்பிரிங்காகத் தேடி எடுத்து மறுபடி சேர்த்து வேலை செய்ய வைத்தது பெரியவள். அவளைப் பற்றி என்ன சொன்னேன் தெரியுமா? “பொறுமைசாலி.” கழற்றிப் போட்டது மூளை, சேர்த்து வைத்தது பொறுமை. இதை மனைவிதான் பிடித்தாள், நானாகக் கவனிக்கவில்லை. 2017-ல் சயன்ஸ் இதழில் வந்த ஒரு ஆய்வு இருக்கிறது. ஐந்து வயதில் பெண் பிள்ளைகளும் ஆண் பிள்ளைகளும் ‘ரொம்ப ரொம்ப புத்திசாலி’ என்றால் தங்கள் பாலினத்தவரைத்தான் ஒரே அளவுக்குக் காட்டுகிறார்கள். ஆறு, ஏழு வயதில் பெண் பிள்ளைகள் அப்படிக் காட்டுவது குறைந்துவிடுகிறது. ‘ரொம்ப ரொம்ப புத்திசாலிகளுக்கான விளையாட்டு’ என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தால் அவர்களுக்கு ஆர்வமும் குறைகிறது. அதே விளையாட்டை ‘கடுமையாக முயற்சி செய்கிறவர்களுக்கானது’ என்று சொன்னால் அந்த வித்தியாசம் இல்லை. என் மகளுக்கு ஏழு வயது. அவள் பக்கத்து அறையில் இருந்தாள், நான் போனில் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்கும்.

பிள்ளைகளும் சும்மா இருப்பதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று வயதிலிருந்து ஆறு வரை அவர்களைப் போல் கண்டிப்பான போலீஸ் கிடையாது. ஆண், பெண் என்று இரண்டு கட்சி இருப்பதைப் புதிதாகக் கண்டுபிடித்த வயது, அதனால் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றுவார்கள். பிறகு மெல்லத் தளரும். சாண்ட்ரா பெம் என்று ஒரு அமெரிக்க உளவியலாளர், இந்தத் துறையிலேயே பெரிய பெயர், தன் சொந்தப் பையனைப் பற்றி எழுதிய ஒரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நாலு வயதில் அவன் தலையில் கிளிப் மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனான். அங்கே ஒரு பையன், “நீ பொண்ணு, பொண்ணுங்கதான் கிளிப் மாட்டுவாங்க” என்று விடாமல் அடம்பிடித்தான். இவனுக்கு அம்மா விவரமாகச் சொல்லிக்கொடுத்திருந்தார், ஆண் என்றால் உடம்பில் என்ன இருக்கும் என்று. எனவே கடைசியில் பேண்ட்டை இறக்கியே நிரூபித்தான். மற்றவன் அசரவில்லை. அது எல்லாருக்கும்தான் இருக்கும், கிளிப்தான் பொண்ணுங்களுக்கு மட்டும் என்றானாம்.

சிரித்து முடித்ததும் கொஞ்சம் யோசிக்க வைக்கிற கதை. அந்தப் பையனைப் பொறுத்தவரை கிளிப்தான் ஆதாரம். உடம்பு பற்றி அவனுக்கு யாரும் சொல்லவில்லை, கிளிப் பற்றி மட்டும் ஊரே சொல்லியிருக்கிறது.

அதே பெம், வீட்டில் இருந்த படப் புத்தகங்களில் மார்க்கரை எடுத்துப் படங்களைத் திருத்தி வைப்பாராம். முக்கியப் பாத்திரமெல்லாம் ஆணாகவே இருந்தால் முடியை நீளமாக்கி, உடம்பை மாற்றி, பெண்ணாக்கிவிடுவார். நான் புத்தகத்தில் கிறுக்குகிற ஆள் இல்லை, வாயால் மாற்றலாம் என்று இறங்கினேன். அப்போது வேறொன்று தெரிந்தது. கதையில் வருவது கரடி, நரி, ஆமை, காக்கா. தமிழில் எல்லாமே அஃறிணை, ‘நரி வந்தது, காக்கா பறந்தது’ என்றுதான் அச்சிலும் இருக்கிறது. நான்தான் ஒவ்வொன்றுக்கும் தொண்டையைக் கனைத்து ஆம்பளைக் குரல் கொடுத்து, “நரி அண்ணே” என்று கூப்பிட வைத்துக்கொண்டிருந்தேன். பெரியவள் ஒரு நாள் கேட்டாள், “காட்டுல அம்மாவே இல்லையாப்பா?” இருக்கிறாள், முயல் குட்டிகளுக்குச் சாப்பாடு போட ஒரு அம்மா முயல் வருவாள், அவ்வளவுதான். இப்போது எங்கள் வீட்டு நரி ஒரு அத்தை. பழைய அண்ணனைவிடப் பெரிய தில்லாலங்கடி.

பள்ளி விஷயத்தில் நம் கையில் இருப்பது குறைவு. ஆனால் சின்னச் சின்ன விஷயம்கூட வேலை செய்கிறது என்பதுதான் தகவல். ஹில்லியார்ட், லிபென் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010-ல் காட்டியது இது. மழலையர் வகுப்பில் ஆசிரியர் “பையன்களே, பெண்களே” என்று பிரித்துக் கூப்பிட்டு, தனித்தனி வரிசையாக நிற்க வைத்தாலே போதும், இரண்டே வாரத்தில் பிள்ளைகள் எதிர் வரிசையோடு விளையாடுவது குறைந்துவிடுகிறது, ‘இது அவங்க வேலை’ என்ற எண்ணமும் கூடிவிடுகிறது. இதற்கு எதிர்ப்பக்கம் ஸ்டாக்ஹோமில் ஈகாலியா என்ற பாலர் பள்ளி, 2010-ல் தொடங்கியது. அங்கே அவன், அவள் என்று சொல்வதையே தவிர்த்து, பேர் சொல்லியோ ‘நண்பர்களே’ என்றோ கூப்பிடுகிறார்கள். இந்த மாதிரிப் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது, யார் ஆண் யார் பெண் என்பதை மற்றப் பிள்ளைகள் அளவுக்கே கவனிக்கிறார்கள், ஆனால் அதை வைத்து யாரோடு விளையாடுவது என்று முடிவு செய்வது குறைவு என்று தெரிந்தது. பிள்ளை குழம்பிப்போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு இது உபயோகப்படலாம். எனக்கு ஸ்டாக்ஹோம் வரை போக வசதியில்லை. வகுப்பு ஆசிரியையிடம், வரிசையைச் சட்டை நிறத்தை வைத்தோ பிறந்த மாதத்தை வைத்தோ பிரிக்க முடியுமா மேடம் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். அடுத்த வாரத்திலிருந்து உயரப்படி நிற்க வைக்கிறார் என்று சின்னவன் சொன்னான்.

“எல்லாம் ஹார்மோன்டா, நீ என்ன பண்ணாலும் பையன் பையன்தான்” என்று ஒரு நண்பன் எப்போதும் சொல்வான். ஹார்மோனுக்குப் பங்கே இல்லை என்று நானும் சொல்ல மாட்டேன். சொல்லவும் கூடாது. அமெரிக்காவில் ஜான் மணி என்ற உளவியலாளரின் யோசனைப்படி, சிகிச்சையில் உறுப்பு சிதைந்த ஒரு கனடா நாட்டு ஆண் குழந்தையை 1960-களில் பெண்ணாக வளர்த்தார்கள். டேவிட் ரைமர் என்று பின்னால் உலகத்துக்கே தெரிந்த பெயர். பெண் துணி, பெண் பொம்மை, பெண் பெயர் எல்லாம் கொடுத்தும் அந்தப் பிள்ளைக்கு ஒட்டவில்லை, பதினான்கு வயதில் உண்மை தெரிந்ததும் ஆணாகவே வாழ ஆரம்பித்தார். மேலிருந்து எழுதி ஒட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடக் கொடுமையான சாட்சி இல்லை. நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது, பிள்ளை யார் என்பதைத் தீர்மானிக்கிற வேலை என்னுடையது இல்லை என்பதைத்தான். பழைய அச்சை உடைத்துவிட்டு என் கையால் ஒரு புது அச்சு வார்ப்பதும் வேண்டாம். சராசரிப் பையன் எப்படி, சராசரிப் பெண் எப்படி என்ற கணக்கு உண்மையாகவே இருந்தாலும், என் வீட்டில் சராசரி யாரும் குடியிருக்கவில்லை, இந்த இரண்டு பேர்தான் இருக்கிறார்கள்.

பொம்மை, நிறம், கதை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தட்டில் வைத்தாலும், இன்னொரு தட்டில் வீட்டு வேலையை வைத்தால் அதுதான் கனம். யுனிசெஃப் 2016-ல் சொன்ன கணக்கு: உலகம் முழுக்க 5-லிருந்து 14 வயது வரையுள்ள பெண் பிள்ளைகள், அதே வயதுப் பையன்களைவிட 40 சதவீதம் அதிக நேரம் வீட்டு வேலையில் செலவழிக்கிறார்கள். ஒரு நாளைக்கு 16 கோடி மணி நேரம் கூடுதல். பெரிய எண், மனதில் நிற்காது. எனக்கு நின்றது வேறு. யாராவது வந்தால் “அம்மாடி, தண்ணி கொண்டு வா” என்று என் வாய் பெரியவளைத்தான் கூப்பிடுகிறது. சரி, அவள்தானே பெரியவள் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அவளுடைய நாலரை வயதில் எப்படி இருந்தது என்று யோசித்தேன், அப்போதே டம்ளரை இரண்டு கையால் பிடித்துக்கொண்டு அலுங்காமல் நடந்து வருவாள், புகைப்படமே இருக்கிறது. இவனை இதுவரை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அதே நேரம் இவன் சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டால், வீட்டில் கைதட்டல். அவளுக்கு அது வேலை, இவனுக்கு அது சாதனை.

அப்புறம், என்னை எப்படிப் பார்க்கிறான் என்பதும் இருக்கிறது. நான் பாத்திரம் துலக்கினால் “அம்மாவுக்கு உதவி பண்றேன்” என்று சொல்லும் பழக்கம் இருந்தது. உதவி என்றால் வேலை அவளுடையது என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லை விட்டுத் தொலைக்க ஆறு மாதம் ஆனது, இன்னமும் சில நாள் வாயில் வந்துவிடுகிறது. தடுப்பூசி எப்போது, யாருக்கு ஷூ சின்னதாகிவிட்டது, எந்த வெள்ளிக்கிழமை பள்ளியில் எதைக் கொண்டுவரச் சொன்னார்கள் என்பதெல்லாம் மனைவியின் தலையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது ஷூவும் தடுப்பூசியும் என் தலையில். வெள்ளிக்கிழமைகளில் நான் இன்னும் தேறவில்லை.

தலை என்றதும், தலை பின்னுவதும் இப்போது என் வேலைதான். மனைவிக்கு அலுவலக நேரம் மாறியதால் காலையில் நான்தான். முதல் வாரம் வகிடு பாம்பு மாதிரி போனது. மூன்று பிரியில் நடுப்பிரி எப்போதும் மெலிந்துபோகும், பிறகு காது ஓரத்தில் முடி பிதுங்கும், பெரியவள் கண்ணாடியில் பார்த்து ஒன்றும் சொல்லாமல் பெருமூச்சு விடுவாள், அதுதான் தாங்க முடியாது. போனில் அம்மாவிடம் புலம்பினேன். எனக்கு ஒரு திட்டு காத்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஏனென்றால், “ஏன்டா, ஆம்பளப் பிள்ளைக்குப் போய்ப் பொம்மை வாங்கிக் குடுத்திருக்க?” என்று கேட்டவள் அம்மா. ஆனால் சிரித்தாள். “உங்கப்பாகிட்ட கேக்க வேண்டியதுதானே? உங்கக்காவுக்கு மூணு வருஷம் அவர்தான பின்னுவாரு, நான் விடியக்காலம் வேலைக்குப் போயிட்டிருந்தப்ப. அவர் பின்னினா சாயங்காலம் வரைக்கும் ஒரு முடி கலையாது” என்றாள்.

எனக்கு இது தெரியவே தெரியாது. நான் அப்போது கைக்குழந்தை. அக்காவைக் கேட்டேன், ஆமாம்டா என்றாள், அப்பா பின்னும்போது வலிக்கவே வலிக்காது என்றாள். அப்புறம் ஒன்று சொன்னாள். “வாசக் கதவைச் சாத்திட்டுத்தான் பின்னுவாரு. யாராவது கூப்பிட்டா சீப்பைக் கீழ வச்சிட்டு எந்திரிச்சுப் போவாரு.”

கதவைச் சாத்திக்கொண்ட அப்பாவும், ‘அக்கா பொம்மை’ என்று சொன்ன நானும் வெகு தூரத்தில் இல்லை. ஆனால் அவர் சாத்திக்கொண்டாவது மூன்று வருடம் பின்னியிருக்கிறார். எனக்குப் போனிலேயே சொல்லிக்கொடுத்தார், நடுப்பிரியை முதலிலேயே கொஞ்சம் தடிமனாக எடு, ஈரக்கையால் தடவு, காதுக்குப் பின்னால் போகும்போது இழுத்துப் பிடி என்று, ஏதோ வண்டிச் செயின் மாட்டுவதைச் சொல்கிற மாதிரி. வேலை செய்கிறது.

நான் வாசலில் உட்கார்ந்து பின்னுகிறேன், வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு முடிந்ததும் சின்னவன் வந்து முன்னால் உட்கார்ந்தான், எனக்கும் வேண்டும் என்று. இரண்டு விரல் உயரம்கூட முடி இல்லை, எதைப் பின்னுவது? இரண்டு பக்கமும் கொஞ்சம் சேர்த்துப் பிடித்து ஆளுக்கொரு சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டுவிட்டேன், இரண்டு சின்னக் கொம்பு. கண்ணாடியில் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு வெளியே ஓடிவிட்டான். நான் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். தெருவில் பெரிய பையன்கள் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டுக் கழற்றிவிடலாமா என்று இரண்டு தடவை எழுந்தேன், பொம்மை விஷயம் ஞாபகம் வந்து உட்கார்ந்தேன்.

அரை மணி நேரம் கழித்து வந்தான். ஒரு கொம்புதான் இருந்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. “யாராவது ஏதாவது சொன்னாங்களாடா? யார் புடுங்கினா?” என்றேன்.

“அக்காதான்ப்பா. உண்டிவில் செய்யணுமாம், ரப்பர் பத்தலையாம், வாங்கிட்டுப் போயிட்டா.”

எழுந்து ஓடினேன். உண்டிவில் விஷயத்தில் சொன்ன ‘பாத்து’ மட்டும் அந்தக் கணக்கில் சேராது.